கண்ணாடித் தகட்டில் பதிந்த முகங்கள்

செனாவாங்கில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தோட்டத்து லயங்களிலிருந்து வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தம்முடன் எடுத்துவந்த பொருள்களுள் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் உண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அத்தகைய படத்தில் கொள்ளுத் தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். கொள்ளுப் பாட்டி அருகில் நின்றிருப்பார். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று கேட்டால், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போகலாம். முகம் இருக்கும், பெயர் இருக்காது.

மனித முகத்தைப் படமாக்குவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். இவர் பிறந்தது இந்தியாவில். புகழ் பெற்றது இங்கிலாந்தில். மறைந்தது இலங்கையின் மலைத்தோட்டத்தில். உலகப் புகழ் பெற்ற அறிஞர்களின் முகங்களையும், பெயர் தெரியாத தோட்டத் தொழிலாளர்களின் முகங்களையும் ஒரே அக்கறையோடு பதிவு செய்தவர் இவர்.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கும்பெனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வளர்ந்து ஆளான ஏழு சகோதரியருள் ஜூலியாவும் ஒருவர். மற்றவர்கள் அழகுக்குப் பெயர் பெற்றிருந்தனர். ஜூலியாவோ அறிவுக்கும் துடிப்புக்கும் பெயர் பெற்றிருந்தார். இளமையில் பெரும்பாலும் பிரான்சில் பாட்டியின் பராமரிப்பில் கல்வி கற்று, பின்னர் இந்தியாவிற்குத் திரும்பினார்.

இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் நோயுற்றார். உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். அவர்கள் இருவருமே அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றினர். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன்.

ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவரான சார்லஸ் கேமரன், 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் பணியாற்றியவர். மக்களிடமிருந்து கட்டாய உழைப்பைப் பெறும் இராசகாரிய முறையை ஒழிக்க வேண்டுமென்று அக்குழு பரிந்துரைத்தது. 1838இல் கல்கத்தாவில் சார்லசுக்கும் ஜூலியாவுக்கும் திருமணம் நடைபெற்றது. சார்லஸ் இலங்கையின் மலைநாட்டில் நிலம் வாங்கிக் காப்பித் தோட்டங்களில் முதலீடு செய்தார்.

ஹெர்ஷலின் நட்போ வேறொரு வாசலைத் திறந்தது. ஒளிப்படக்கலை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. ஒளிபட்டுக் கறுக்கும் வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் வேதிப்பொருளை ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். எடுத்த படம் மேலும் கறுத்துப் பாழாகாமல் நிலைத்து நிற்க அந்தக் கண்டுபிடிப்பே பின்னாளில் வழிசெய்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஜூலியாவுக்குச் சில தொடக்கக்கால ஒளிப்படங்களை அவர் அனுப்பி வைத்தார். அவற்றைக் கண்டு ஜூலியா வியந்தார். ஆயினும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் தம் கையால் படம் எடுக்கத் தொடங்கினார்.

1848இல் கேமரன் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. 1860இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில் குடியேறியது. கவிஞர் டெனிசன் அவர்களுக்கு அண்டைவீட்டார் ஆனார். தம் இலங்கைத் தோட்டத்தின் பெயரால் அவ்வீட்டிற்கு டிம்போலா என்று பெயர் சூட்டினர். தம் பிள்ளைகளோடு பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளைகளையும் ஜூலியா வளர்த்தார். தெருவில் இரந்து நின்ற மேரி ரயன் என்னும் அயர்லாந்துச் சிறுமியையும் அழைத்துவந்து கல்வி புகட்டினார்.

காலம் செல்லச் செல்லப் பிள்ளைகள் பிரிந்து சென்றனர். கணவரும் தோட்டங்களைப் பார்வையிட இலங்கைக்குச் சென்றுவிட்டார். தாய் தனிமையில் வாடுவதைக் கண்ட மகளும் மருமகனும் 1863ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பரிசு அளித்தனர். அது மரப்பெட்டியால் ஆன ஒளிப்படக் கருவி. அதன் முன்புறத்தில் பித்தளைக் குழாயினுள் பிரெஞ்சு நாட்டு வில்லை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அப்போது ஜூலியாவுக்கு வயது நாற்பத்தெட்டு. பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று பிள்ளைகள் கொடுத்த பொருள் அவருடைய வாழ்க்கையாகவே மாறியது.

இன்று கைப்பேசியை நீட்டினால் நொடியில் படம் கிடைத்துவிடுகிறது. தெளிவையும் வெளிச்சத்தையும் கருவியே பார்த்துக்கொள்கிறது. அந்நாளில் அனைத்தையும் கையால் செய்ய வேண்டும். கருவியின் பின்புறத்தில் தேய்கண்ணாடித் தகடு ஒன்று இருக்கும். எதிரே அமர்ந்திருப்பவரின் உருவம் அதில் தலைகீழாகத் தெரியும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து அதைப் பார்த்தபடியே வில்லைக்கும் தகட்டுக்கும் இடையிலான தூரத்தைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். கண் தெளிவாகத் தெரிந்தால் காது மங்கும். காது தெளிந்தால் கண் மங்கும். எங்கே நிறுத்துவது என்பதைப் படம் எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும்.

அதற்குப் பின்னரும் வேலை முடிவதில்லை. துடைத்துச் சுத்தம் செய்த கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைச் சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். பிறகு அதை இருட்டறையில் வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். தகட்டின் ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டு சென்று, வேதிநீர் ஊற்றி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். பிறகு மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும். அதன் பின்னர் பக்குவப்படுத்திய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் தாளில் படம் பதியும். ஒரு தூசி விழுந்தாலும், ஒரு விரல் பட்டாலும் படம் கெடும்.

ஜூலியாவுக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவரும் உடன் இல்லை. நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி பதித்த கோழிக்கொட்டகையைப் படப்பிடிப்புக் கூடமாக மாற்றினார். தொடக்கத்தில் எடுத்த படங்கள் பாழாயின. ஒருமுறை எடுத்து முடித்த படத்தின் ஈரத்தகட்டைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார். ஆயினும், அவர் சோர்ந்துவிடவில்லை. 1864ஆம் ஆண்டு ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. மகிழ்ச்சி தாங்காமல் அன்றே அதைத் தாளில் பதித்து, சட்டமிட்டு, சிறுமியின் தந்தையிடம் கொடுத்தார். அதுவே தம் முதல் வெற்றி என்று அவர் கருதினார்.

அக்காலத்தில் படக்கூடங்களில் எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருந்தன. தூணும் திரைச்சீலையும் பின்னணியாக இருக்க, தலைமுதல் கால்வரை தெரியும்படி மனிதர் விறைத்து நிற்பார். சட்டையின் பொத்தான்வரை எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஜூலியாவோ கருவியை முகத்திற்கு மிக அருகில் கொண்டு சென்றார். திரைகளை இழுத்துவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழச் செய்தார். முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறு பாதி இருளிலும் அமைந்தது. கறுப்பும் வெள்ளையும் அன்றைய ஒளிப்படத்தின் குறைபாடு என்று அவர் நினைக்கவில்லை. அவற்றையே தம் வண்ணங்களாகக் கொண்டார்.

வில்லையைத் திருப்பிக்கொண்டே வரும்போது மற்றவர்கள் உருவம் மிகக் கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துவர். ஜூலியாவோ தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிடுவார். தகடு பெரியது, முகமோ மிக அருகில் இருந்தது. அதனால் கண்களைச் சுற்றியுள்ள பகுதி ஓரளவு தெளிந்திருக்க, தலைமுடியும் தோளும் பனியில் கரைவதுபோல் மங்கின. ஒரு படத்திற்கு மூன்று முதல் ஏழு நிமிடம்வரை அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். அத்தனை நேரம் உயிருள்ள மனிதர் சிலையாக இருக்க முடியாது. மூச்சும் சிறு அசைவும் படத்தில் கலந்தன. அந்த மங்கலினுள்ளே ஓர் உயிர்ப்பு இருந்தது.

இதை அனைவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1864இல் அவர் லண்டன் ஒளிப்படக் கழகத்தில் சேர்ந்து தம் படங்களைக் கண்காட்சியில் வைத்தார். ஒளிப்பட இதழ்கள் கடுமையாகக் குறை கூறின. தெளிவில்லை என்றும், தகட்டில் கீறலும் கறையும் விரல் தடமும் உள்ளன என்றும், கருவியைக் கையாளவே தெரியவில்லை என்றும் எழுதின. இக்குறைகளில் உண்மையும் இருந்தது. ஜூலியாவின் தகடுகளில் பிழைகள் மிகுதி. அவற்றுள் சில வெடித்தும் போயின. அதற்கான காரணத்தை அறிய அவரே கழகத்தினரின் உதவியை நாடினார். ஆயினும், முகத்தை நோக்கும் தம் முறையை மட்டும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கைத்திறனில் உள்ள குறையைத் திருத்த முயன்றார். பார்வையை விட்டுக்கொடுக்க மறுத்தார்.

அவர் உழைத்த விதம் பலருக்கு வியப்பையும் சிலருக்கு நகைப்பையும் தந்தது. வெள்ளி நைத்திரேட்டு பட்டு அவருடைய கைகளும் ஆடைகளும் கறுத்துக் கிடந்தன. 1864இல் இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி, டெனிசனின் இல்லத்திற்கு வந்திருந்தார். அவரைப் படமெடுக்க விரும்பிய ஜூலியா அவர்முன் மண்டியிட்டு வேண்டினார். கறை படிந்த கைகளைக் கண்ட கரிபால்டி, யாரோ இரந்து வந்திருக்கிறார் என்று எண்ணிவிட்டாராம். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

எனினும், அவருடைய திறமையை உணர்ந்தவர்களும் இருந்தனர். இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கப்படும் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம், 1865இல் அவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் படம் எடுப்பதற்காக அவருக்கு இரண்டு அறைகளையும் ஒதுக்கித் தந்தது. செருமனியின் பெர்லின் நகரக் கண்காட்சியில் 1866இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவர் இன்னும் பெரிய கருவி ஒன்றையும் பயன்படுத்தத் தொடங்கினார். அதன் கண்ணாடித் தகடு 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்டது. முகங்கள் ஏறக்குறைய உண்மையான அளவிலேயே பதிந்தன.

கவிஞர் டெனிசன், எழுத்தாளர் கார்லைல், அறிவியலறிஞர் டார்வின் ஆகியோர் அவருடைய கருவியின்முன் அமர்ந்தனர். தம்மை எடுத்த படங்களுள் ஜூலியா எடுத்த படத்தையே டார்வின் மிகவும் விரும்பினார். 1867இல் தம் கருவிகளைச் சுமந்துகொண்டு ஹெர்ஷலின் இல்லத்திற்கே ஜூலியா சென்றார். முதிய அறிஞரின் நரைத்த தலைமுடி ஒளிவட்டம்போல் சுடர்விட, இருளிலிருந்து எழும் முகமாக அவரைப் படமெடுத்தார். ஒளிப்படக்கலையைத் தமக்கு அறிமுகப்படுத்திய நண்பருக்கு அவர் செலுத்திய நன்றிக்கடன் அது.

புகழ் பெற்றவர்களை மட்டும் அவர் நாடவில்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை அன்னை மரியாளாக அமரவைத்துப் பல படங்கள் எடுத்தார். தாம் வளர்த்த மேரி ரயனையும் படமெடுத்தார். கண்காட்சியில் மேரி ரயனின் படத்தைக் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர், 1867இல் அவரையே மணந்துகொண்டார். இந்தியாவில் அரசு அதிகாரியாகப் பணியாற்றிய இவர், பின்னாளில் 1904ஆம் ஆண்டு இந்திய தேசியக் காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

புகழ் வந்தபோதும் செல்வம் வரவில்லை. 1869இல் இலங்கையில் காப்பிச் செடிகளை ஒருவகை இலைநோய் தாக்கியது. இலைகளின் அடியில் துரு நிறப் பொடியாகத் தோன்றிய பூஞ்சை, தோட்டம் தோட்டமாகப் பரவியது. ஏற்கெனவே கடனில் தவித்த குடும்பத்தின் நிலை மேலும் மோசமானது. ஜூலியா தம் படங்களை விற்று வருவாய் தேட முயன்றார்; அது போதவில்லை. 1873இல் மற்றொரு பேரிடி விழுந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்த மகள், மகப்பேற்றின்போது மறைந்தார்.

1875இல் ஜூலியாவும் ஏறத்தாழ எண்பது வயதான கணவரும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடைய புதல்வர்கள் அங்கேதான் இருந்தனர். மூட்டை முடிச்சுகளோடு இரண்டு சவப்பெட்டிகளையும் அவர்கள் கப்பலில் ஏற்றிச் சென்றனர் என்பர். இங்கிலாந்துக்கு இனித் திரும்ப முடியாமல் போகலாம் என்பதை அவர்கள் உணர்ந்தே இருந்தனர்.

மேற்குக் கடற்கரையிலுள்ள களுத்துறையில் வசித்தபோது ஜூலியா மீண்டும் கருவியைக் கையில் எடுத்தார். வெப்பமும் ஈரக்காற்றும் வேதிப்பொருள்களைப் பாழாக்கின. நல்ல நீரும் எளிதில் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்தபோது எடுத்ததைவிட மிகக் குறைவாகவே அங்கே அவரால் எடுக்க முடிந்தது. அவற்றுள்ளும் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன.

அச்சிறு தொகுப்பில் இருப்பவர்கள் யார்? வீட்டில் வேலை செய்தவர்கள், சுற்றுவட்டாரத்து எளிய மக்கள், தோட்டத் தொழிலாளர்கள். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே பல நாள் நடந்து மலைநாட்டை அடைந்தவர்கள் அவர்கள். வழியிலேயே நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் பலர்.

டெனிசனையும் டார்வினையும் நோக்கிய அதே கண்ணால் ஜூலியா இவர்களையும் நோக்கினார். ஒரு பெண் சேலையின் மடிப்புகளோடும் அணிகலன்களோடும் கருவியை நேராகப் பார்த்தபடி நிற்கிறாள். அவள் பார்வையில் அச்சமும் இல்லை, பணிவும் இல்லை. ஆயினும், ஒரு வேறுபாடு உண்டு. டார்வினின் படத்தின்கீழ் டார்வின் என்னும் பெயர் இருக்கிறது. இவர்களின் படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை. 1878இல் எடுத்த ஒரு படத்தின் குறிப்பு, அவர்கள் களுத்துறைக் குடியானவர்கள் என்கிறது. சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. வயது பதிவாகியிருக்கிறது, பெயர் பதிவாகவில்லை. முகத்தை அத்தனை அக்கறையோடு பார்த்தவர்கூடப் பெயரைக் கேட்டு எழுதத் தவறிவிட்டார். தொழிலாளரின் பெயரைப் பொருட்படுத்தாத அந்தக் காலத்தின் குறை அவரிடமும் இருந்தது.

1879ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் உள்ள தோட்டத்தில் ஜூலியா காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவையில் உள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். காப்பி அழிந்து, அம்மலைகளில் இன்று தேயிலை வளர்கிறது.

ஜூலியா ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளே படம் எடுத்தார். அவருடைய படங்களாக 1,200க்கும் மேற்பட்டவை இன்று பட்டியலிடப்பட்டுள்ளன. அவருடைய கருவிகளுள் ஒரு வில்லை மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்படுகிறது. பிழை என்று அன்று ஒதுக்கப்பட்ட அந்த மங்கலான முகங்களைக் காண இன்று மக்கள் அருங்காட்சியகங்களுக்குச் செல்கின்றனர். பழைய வில்லைகளைத் தேடி எடுத்து, கையால் திருப்பிக் கறுப்பு வெள்ளையில் படமெடுப்போர் இன்றும் இருக்கின்றனர். எங்கே நிறுத்துவது என்னும் முடிவு அவர்கள் கையிலேயே இருக்கிறது.

இலங்கையில் காப்பி வீழ்ந்தபின், அங்கிருந்த தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்தனர். நெகிரி செம்பிலானிலும் சிலாங்கூரிலும் முதலில் காப்பி பயிரிடப்பட்டது. பின்னர் அதன் இடத்தை ரப்பர் பிடித்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் கப்பலேறி வந்தனர். களுத்துறையில் கருவியின்முன் நின்றவர்களுக்கும், செனாவாங்கின் பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கும் இடையே கடல் ஒன்று இருந்தாலும், வாழ்க்கை ஒன்றாகவே இருந்தது.

களுத்துறைப் பெண்ணின் பெயரை இனி எவராலும் கண்டறிய முடியாது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தில் இருப்பவர்களின் பெயர்களைச் சொல்ல இன்னும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருக்கக்கூடும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்க ஒரு பென்சில் போதும்.